கூட்டத்தில் உங்கள் குரல்: தென்னாப்பிரிக்கத் தமிழ்ப் பொறுப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயில் கமிட்டித் தலைவர், சங்கச் செயலாளர், பள்ளி முதல்வர், தொழிற்சாலை சூப்பர்வைசர், மாதர் குழுப் பொறுப்பாளர் என்று நாலு பேர் முன்னால் நின்று பேச வேண்டியவர்களுக்காக இந்தப் பக்கம். டர்பன், சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கங்களிலிருந்து குரல் பயிற்சிக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்தான் எல்லாமே. என்ன பேசுவது என்பதை இங்கே எழுதவில்லை. பேசுவது எப்படிக் காதில் போய்ச் சேரும் என்பது மட்டும்தான்.

எனக்கு இயல்பிலேயே சின்னக் குரல். தலைமைப் பொறுப்புக்கு அது குறைதானே?

இல்லை. இந்த மண்ணிலேயே அதற்குச் சாட்சி உண்டு. 1893 மே மாதம் டர்பனில் வந்து இறங்கிய காந்தி, அதற்கு முன் லண்டனில் தாமே எழுதிக்கொண்டு போன உரையை வாசிக்க முடியாமல் நின்று, வேறொருவர் வாசிக்க வேண்டியிருந்தது. அவருடைய முதல் பொதுமேடைப் பேச்சு அதே 1893இல் பிரிட்டோரியாவில், அங்கிருந்த இந்திய வியாபாரிகள் முன்னால் நடந்தது. பேசத் தயங்கும் குணம்தான் தமக்குச் சொற்சிக்கனத்தைக் கற்றுக் கொடுத்தது என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

அடுத்த கோடியில் இருந்தவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. இந்திய அரசின் முதல் ஏஜென்ட் ஜெனரலாக 1927இல் இங்கே வந்தார். வெள்ளி நாவினர் என்று ஆங்கிலேயர்களே அவரைப் புகழ்ந்தார்கள். டர்பனில் சாஸ்திரி கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. ஒருவர் கூச்சக்காரர், இன்னொருவர் மேடைக்கென்றே பிறந்தவர். இருவர் சொல்லுக்கும் இந்த நாட்டில் மரியாதை இருந்தது.

சத்தம் என்பது பெரும்பாலும் தூரக் கணக்கு. திறந்த வெளியில் கேட்பவர் இரண்டு மடங்கு தள்ளிப் போனால் குரல் சுமார் 6 டெசிபல் குறைந்துவிடும். அதை ஈடுகட்டத் தொண்டையைக் கிழித்துக்கொள்வதைவிட, நாற்காலிகளை முன்னால் இழுத்துப் போடச் சொல்லலாம், இல்லையென்றால் நீங்களே நாலடி முன்னால் போய் நிற்கலாம். நம் ஊர்க் கூட்டங்களில் முதல் இரண்டு வரிசை எப்போதும் காலி, எல்லோரும் கதவோரம். இதைச் சரிசெய்துவிட்டுப் பேச ஆரம்பித்தாலே பாதி வேலை முடிந்தது.

விளக்கமாகத்தான் பேசுகிறேன். ஆனால் கூட்டம் முடிந்ததும், “கடைசியில் என்னதான் முடிவு?” என்று கேட்கிறார்கள். ஏன்?

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும் பிரச்சினை இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ் வாக்கியத்தில் சரக்கு கடைசியில் இருக்கிறது. யார், எதை, எப்போது, எவ்வளவு என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, செய்யப் போகிறோமா இல்லையா என்பதை வாக்கியத்தின் வாலில் வைக்கிறோம். “அடுத்த வருஷம் குடும்பச் சந்தாவை ஐம்பது ராண்ட் கூட்ட வேண்டும்” என்பதற்கும் “கூட்ட வேண்டாம்” என்பதற்கும் கடைசி அசையில்தான் வித்தியாசம். ஆங்கிலத்தில் அப்படியில்லை. செய்கிறோமா இல்லையா என்பது வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடும். பின்பாதி மங்கினாலும் முடிவு காதில் விழுந்திருக்கும்.

நாம் வீட்டிலும் வேலையிலும் நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஆங்கில வாக்கியத்தை முன்னால் அழுத்திப் பின்னால் தளர்த்திப் பேசும் பழக்கம் ஊறிவிட்டது. அதே பழக்கத்தோடு மேடையில் தமிழ் பேசினால் என்ன ஆகும்? மூச்சு நிறைய இருக்கும்போது “அடுத்த வருஷம் குடும்பச் சந்தாவை” என்பது கணீரென்று விழும். “கூட்ட வே…” என்று வரும்போது மூச்சு தீர்ந்து, தலை குனிந்து, கண் அடுத்த வரிக்குப் போயிருக்கும். பின்னால் சமூசா தட்டுக்கும் தேநீர்ப் பாத்திரத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பக்கத்து ஆளைப் பார்ப்பார். அவர் உதட்டைப் பிதுக்குவார். பத்து நிமிஷம் கழித்து அதே கேள்வி எழுந்து வரும்.

நம் வாக்கியங்களை நீட்டிக்கொண்டே போகலாம் என்பது அடுத்த சிக்கல். “ஹாலைப் பார்த்து, வாடகை விசாரித்து, மூன்று கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கி, அதைக் கமிட்டியில் வைத்து, பிறகு” என்று எச்சம் மேல் எச்சமாகக் கோத்துக்கொண்டே போவோம். எழுத்தில் அது அழகு. மூச்சுக்கு அது எமன். மேடையில் வெட்டுங்கள். “ஹாலைப் பார்த்தோம். வாடகை விசாரித்தோம். மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது.” ஒவ்வொரு வினைக்கும் புது மூச்சு கிடைக்கும்.

பழகுவதற்கு ஒரு வழி: அடுத்த கூட்டத்தில் உங்கள் பேச்சை போனில் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து, போனை மேசையில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கேளுங்கள். வாக்கியத்தின் கடைசிச் சொல் மட்டும் காதில் விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் அந்த வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பாருங்கள், கடைசிச் சொல்லுக்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தத்தோடு. “குடும்பச் சந்தாவை ஐம்பது ராண்ட்… கூட்ட வேண்டாம்.” கத்த வேண்டியதில்லை. நிறுத்தமே அந்தச் சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிடும்.

மூச்சுப் பயிற்சி என்கிறார்களே, தினமும் ஒரு மணி நேரம் செய்ய வேண்டுமா?

வேண்டாம், ஐந்து நிமிஷம் போதும். பேசும்போது தோள் மேலே ஏறினால் மூச்சு மேல்மார்போடு நின்றுவிடுகிறது என்று அர்த்தம். ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மூச்சு உள்ளே போகும்போது வயிறும் விலாவும் விரிகிறதா என்று பாருங்கள். பிறகு “ஸ்ஸ்ஸ்” என்று ஒரே சீராக வெளியே விடுங்கள். சத்தம் கடைசியில் நடுங்காமல் நிற்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது முக்கியமில்லை.

தேவாரமோ திருப்புகழோ பாடுகிறவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கே மூச்சு எடுப்பது, அடி முடியும் வரை அதை எப்படிக் காப்பாற்றுவது என்று அவர்களுக்குத் தெரியும். வேடிக்கை என்னவென்றால், வெள்ளிக்கிழமை பஜனையில் அத்தனை அழகாக மூச்சு பிடிக்கும் அதே ஆள், ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் அறிக்கை வாசிக்கும்போது மூச்சு வாங்குவார். பாட்டு வேறு, பேச்சு வேறு என்று மனதில் பிரித்து வைத்திருக்கிறோம். நுரையீரலுக்கு அந்தப் பிரிவினை தெரியாது.

எழுந்து நின்றதும் குரல் நடுங்குகிறது, வேகமும் கூடிவிடுகிறது. என்ன செய்வது?

பதற்றத்தில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, தொண்டைத் தசைகள் இறுகுகின்றன. குரல்நாண்கள் இழுபட்டு, சுருதி ஏறிவிடும். அனுபவசாலிகளுக்கும் இது நடக்கிறது. அவர்கள் முதல் அரை நிமிஷத்தைச் சமாளிக்கக் கற்றிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் இரண்டு வாக்கியங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள். எழுந்ததும் பேசாதீர்கள். நில்லுங்கள், மூச்சை முழுக்க வெளியே விடுங்கள், தானாக உள்ளே வரட்டும், பிறகு வணக்கம் சொல்லுங்கள். தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்து முதல் வாக்கியத்தைச் சொன்னால் வேகம் தானாக அடங்கும்.

கூடவே ஒரு புகார். “மேடையில் வீற்றிருக்கும் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர் அவர்களே, புரவலர் அவர்களே…” என்று ஒவ்வொரு பேச்சாளரும் முழுப் பட்டியலையும் வாசிப்பதை நிறுத்தலாம். சபையின் காது மிகக் கூர்மையாக இருக்கும் நேரம் பேச்சின் முதல் நிமிஷம். அதைப் பட்டியலுக்குக் கொடுத்துவிடுகிறோம். முதலில் பேசுபவர் எல்லோரையும் வரவேற்றால் போதும். மற்றவர்கள் “பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்” என்றால் யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. யாராவது கோபித்துக்கொள்வார்களே என்று கேட்பீர்கள். கோபித்துக்கொள்ளட்டும், ஒரு வருஷத்தில் பழகிவிடும்.

எழுதி வைத்து வாசிக்கலாமா? அல்லது பார்க்காமல் பேசுவதுதான் தலைவருக்கு அழகா?

வாசிக்கலாம். 1964 ஏப்ரல் 20 அன்று பிரிட்டோரியா நீதிமன்றத்தில் நெல்சன் மண்டேலா ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசியது எழுதி வைத்த உரைதான். கடைசிப் பகுதிக்கு வந்தபோது தாள்களை மேசையில் வைத்துவிட்டு, நீதிபதியைப் பார்த்தபடி, தேவைப்பட்டால் உயிரையும் கொடுக்கத் தயார் என்ற அந்த முடிவை நினைவிலிருந்து சொன்னார். மன்றமே உறைந்துபோனது. முழுவதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எந்த இடத்தில் தாளைக் கீழே வைப்பது என்று மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். முடிவைச் சொல்லும் வாக்கியம், நன்றி சொல்லும் வாக்கியம், மன்னிப்புக் கேட்கும் வாக்கியம் ஆகியவற்றுக்குத் தாள் கூடாது.

வாசிக்கும்போது தாடை மார்பில் முட்டினால் தொண்டை மடங்கிக் குரல் உள்ளேயே நின்றுவிடும். பெரிய எழுத்தில் அச்சிட்டு, தாளை மார்பு உயரத்துக்குத் தூக்கிப் பிடியுங்கள். கண்ணாடியை மறக்காதீர்கள். 1990 பிப்ரவரி 11 அன்று சிறையிலிருந்து வெளியே வந்து கேப்டவுன் நகர மண்டபத்தில் பேச நின்ற மண்டேலாவிடம் கண்ணாடி இல்லை, சிறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மனைவி வின்னியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் அந்த உரையை வாசித்தார்.

நான் பெண். கொஞ்சம் அழுத்திப் பேசினால் “கீச்சுக் கீச்சென்று கத்துகிறாள்” என்கிறார்கள். குரலைக் கனமாக்கிக்கொள்ள முடியுமா?

ஆண்களின் பேச்சுக்குரல் சராசரியாக வினாடிக்கு 120 அதிர்வு அளவிலும் பெண்களுடையது 200 அளவிலும் இருக்கும். குரல்நாண்களின் நீளமும் பருமனும் தீர்மானிக்கிற விஷயம் அது. மார்கரெட் தாட்சர் பயிற்சியாளர் வைத்துத் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டது எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்த்து நிறையப் பேர் தொண்டையை அமுக்கிக் கட்டைக்குரலில் பேசப் பார்க்கிறார்கள். அப்படி அமுக்கினால் குரல் கரகரக்கும், அரை மணி நேரத்தில் தொண்டை வலிக்கும், தூரத்துக்கும் கேட்காது. நான் அதைச் சொல்லித்தருவதில்லை.

உங்களுக்கென்று ஒரு சௌகரியமான சுருதி இருக்கிறது. வாயை மூடிக்கொண்டு, யாரோ சொல்வதை ஆமோதிப்பது போல “ம்ஹ்ம்” என்று சொல்லிப் பாருங்கள். அது எங்கே விழுகிறதோ, உங்கள் பேச்சு பெரும்பாலும் அந்த அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும். அழுத்தம் தர நினைக்கும்போது நாம் சுருதியை ஏற்றுகிறோம். அதற்குப் பதில் அந்தச் சொல்லைக் கொஞ்சம் நீட்டுங்கள், அதற்கு முன் நிறுத்துங்கள். சுருதி இருந்த இடத்திலேயே இருக்கும், அழுத்தம் வந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தப் புகாரில் பாதி குரலைப் பற்றியதே இல்லை. அதே சுருதியில் ஒரு ஓதுவார் பாடினால் “என்ன சாரீரம்!” என்பார்கள். கணக்குக் கேட்கும் பெண் குரல் சிலருக்குக் கசக்கும். அதற்கு மருந்து குரல் பயிற்சியில் கிடையாது.

கமிட்டியில் எல்லோரும் என்னைவிடப் பெரியவர்கள். குறுக்கே பேசுகிறவரை மரியாதை கெடாமல் எப்படி நிறுத்துவது?

முறை சொல்லி அழைத்து, நிறுத்தி, சுருதியை ஏற்றாமல், வேகத்தைக் குறைத்துச் சொல்லுங்கள். “தாத்தா… நீங்க சொன்னதைக் குறிச்சுக்கிட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போறோம்.” “பெரியம்மா, ஒரு நிமிஷம். கணக்கை முடிச்சிட்டு உங்ககிட்ட வரேன்.” தாத்தா, பெரியம்மா, அண்ணா என்று அழைத்த பிறகு வரும் நிறுத்தத்தில்தான் காரியம் நடக்கிறது. அவர் நிமிர்ந்து பார்ப்பார், அதற்குள் நீங்கள் சொல்லி முடித்துவிடலாம்.

சின்னவர்கள் செய்யும் தவறு, வாக்கியத்தைக் கேள்வி மாதிரி மேலே தூக்கி முடிப்பது. “அடுத்த விஷயத்துக்குப் போலாமா?” என்று கேட்டால் “வேண்டாம், இரு” என்பார்கள். அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் கேளுங்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு நிகழ்ச்சி நிரலுக்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை. “போறோம்” என்று குரல் கீழே இறங்கி முடியட்டும்.

சபையில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியாது. இரண்டு மொழியும் கலந்து பேசலாமா?

கலக்காமல் முடியாது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகளின் பேரப்பிள்ளைகள் இன்று சபையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பலருக்குத் தமிழ் பாட்டிலும் பூஜையிலும் முறைப்பெயர்களிலும்தான் இருக்கிறது. ஆனால் வாக்கியத்தின் நடுவில் மொழி மாற்றாதீர்கள். இரண்டு தரப்புக்கும் பாதி வாக்கியம்தான் கிடைக்கும். ஒரு கருத்தை ஒரு மொழியில் முழுதாகச் சொல்லி முடித்து, நிறுத்தி, பிறகு மாறுங்கள். முடிவுகளை மட்டும் இரண்டு மொழியிலும் சொல்லுங்கள், அதே சத்தத்தில். தமிழ்ப் பகுதியைக் கூச்சத்தோடு முணுமுணுத்துவிட்டு ஆங்கிலத்துக்கு வந்ததும் நெஞ்சை நிமிர்த்துவது நிறையப் பேரிடம் இருக்கிறது. சபை அதைக் கவனித்துவிடும்.

ஆங்கிலத்தில் அழுத்தம் இல்லாத அசைகளை நசுக்கிவிட்டு ஓடுகிறோம். தமிழில் குறிலுக்கும் நெடிலுக்கும் அதனதன் அளவு கிடைக்க வேண்டும். அந்த ஓட்டத்தில் தமிழை ஓட்டினால் நெடிலெல்லாம் குறிலாகிவிடும், பெரியவர்களுக்கே புரியாது. மெதுவாகப் பேசுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். நெடிலை நெடிலாகச் சொன்னால் வேகம் தானே சரியாகும். “தமிழ் சரியாக வராது, மன்னிக்கவும்” என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். சொல்லாவிட்டால் பலருக்குத் தெரியப்போவதில்லை.

தொழிற்சாலையில் என் கீழ் ஜூலு பேசும் தொழிலாளர்கள். என் தொனி கடுமையாக இருக்கிறது என்று யூனியனில் புகார். நான் சாதாரணமாகத்தான் பேசுகிறேனே?

முதலில் வாழ்த்துச் சொல்கிறீர்களா? ஒருவருக்கு “சாவுபோனா”, பலருக்கு “சனிபோனானி”. ஜூலுக்காரர்களிடம் வாழ்த்து இல்லாமல் நேரே வேலை விஷயத்துக்குப் போவது, நம் வீட்டுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பது போன்றது. வாழ்த்தி, பதில் வரும் வரை காத்திருந்து, பிறகு பேசுங்கள். அந்த சில வினாடிகளில் உங்கள் குரலும் இறங்கி வந்துவிடும்.

சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் வீட்டுச் சமையலறைகளிலும் வேலை வாங்குவதற்கென்றே வளர்ந்த ஃபனகலோ என்ற கலப்புமொழி இருந்தது. அதைப் பேசிய பழைய தலைமுறையிடமிருந்து, மொழியோடு அந்த ஏவல் தொனியும் நம்மில் சிலருக்கு ஒட்டிக்கொண்டது. இன்று நீங்கள் பேசுவது ஆங்கிலமாக இருக்கலாம். “அதை எடு, இங்கே வை” என்ற இழுப்பு அதிலும் தெரியும். உங்கள் காதுக்கு அது சாதாரணம். கேட்பவருக்கு அதில் தாத்தா காலத்து எஜமானர் தெரிவார். உங்கள் மேலாளரிடம் பேசும் அதே சுருதியிலும் வேகத்திலும் அவர்களிடமும் பேசிப் பாருங்கள்.

மைக் எப்படிப் பிடிப்பது? எங்கள் ஹாலில் ஒரே எதிரொலி.

வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, உதட்டுக்கு நேராக இல்லாமல் தாடைக்கு நேராக. அப்போதுதான் ‘ப’வும் ‘ட’வும் வெடிக்காது. தலைப்பக்கத்துக் கம்பிவலையை உள்ளங்கையால் மூடிப் பிடிக்காதீர்கள். ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்காதீர்கள். கூவென்று ஊளையிடுவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டுதான் காரணம். தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும். தட்டிப் பார்ப்பது, ஊதிப் பார்ப்பது இரண்டும் வேண்டாம். சபை வரும் முன்னாலேயே இரண்டு வாக்கியம் பேசிச் சரிபார்த்துவிடுங்கள்.

டைல்ஸ் தரையும் சிமென்ட் சுவருமான ஹாலில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடும். சத்தத்தைக் குறைத்து, வாக்கியங்களைச் சுருக்கி, ஒவ்வொன்றுக்கும் பிறகு எதிரொலி அடங்கும் வரை விடுங்கள். தகரக் கூரையில் மழை அடித்தால்? இரைச்சலில் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை எட்டியேன் லோம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இலேயே எழுதிவைத்தார். உங்களுக்கும் அதுதான் நடக்கும், தொண்டை போகும் வரை உங்களுக்கே தெரியாது. மழையோடு போட்டி போடாமல் ஐந்து நிமிஷம் நிறுத்தித் தேநீர் கொடுக்கச் சொல்லுங்கள்.

லோட் ஷெட்டிங் என்ற மின்வெட்டில் மைக் போனால் இருந்த இடத்திலிருந்தே கத்தாதீர்கள். மேடையை விட்டு இறங்கி சபையின் நடுவுக்குப் போங்கள்.

தொண்டர்களைத் திட்ட வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சத்தம் போட்டால்தானே நடக்கிறது?

ஆபத்து வந்தால் சத்தம் போடுங்கள். தீமிதிக் குழிப் பக்கம் குழந்தை ஓடினால் கத்தத்தான் வேண்டும். மற்ற நேரத்தில் கத்தினால், அடுத்த முறை உண்மையான ஆபத்தில் கத்தும்போது யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஜூமிலும் வாட்ஸ்அப் குரல் செய்தியிலும் என் குரல் வறட்டென்று கேட்கிறது.

திரையில் உங்கள் சைகையும் பாதி முகமும் போய்விடுவதால் குரல் கொஞ்சம் கூடுதலாக ஏறி இறங்க வேண்டும். நிமிர்ந்து உட்காருங்கள். மடியில் வைத்த லேப்டாப்பைக் குனிந்து பார்த்துப் பேசினால் மேலே சொன்ன அதே தொண்டை மடிப்புதான். குரல் செய்தி ஒரு நிமிஷத்தைத் தாண்டினால் பலர் வேகத்தைக் கூட்டிவைத்துத்தான் கேட்கிறார்கள். அதனால் முடிவை முதல் வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், காரணம் பிறகு.

சுக்கு, மிளகு, பனங்கற்கண்டு, தேன்: எது குரலுக்கு நல்லது?

இதமாக இருந்தால் தாராளமாகக் குடியுங்கள். ஆனால் விழுங்குவது எதுவும் குரல்நாண்களைத் தொடாது. தொட்டால் புரையேறி இருமுவீர்கள். உணவுக்குழாய் பின்னால் தனி வழி. சூட்டின் இதமும் ஆவியின் ஈரமும்தான் உங்களுக்குக் கிடைக்கும் பலன். குரல்நாண் ஈரமாக இருக்க நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும். மேடை ஏறும்போது குடிக்கும் ஒரு டம்ளர் நாக்கைத்தான் நனைக்கும். புதினா வில்லைகள் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் சிலருக்குத் தொண்டையை வறட்டும். சளிக்காகப் போடும் சில ஒவ்வாமை மாத்திரைகளும் அப்படித்தான்.

டர்பனின் ஈரக்காற்றில் பழகியவர்கள் குளிர்காலத்தில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவுக்கோ பிரிட்டோரியா பக்கத்து லாடியத்துக்கோ போய்ப் பேசினால் குரல் சீக்கிரம் கட்டும். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்துக்கு மேல் 1,700 மீட்டருக்கும் அதிக உயரம், குளிர்காலம் அங்கே மழையில்லாத வறண்ட காலம். முதல் நாளே தண்ணீரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இரவில் அறையில் ஹீட்டர் ஓடினால் பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள்.

அடிக்கடி கனைக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். கனைக்கும்போது நாண்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. எச்சில் விழுங்குங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர்.

தைப்பூசத்தில் அரோகரா போட்டுக் குரல் போய்விட்டது. நாளை மறுநாள் ஆண்டுப் பொதுக்கூட்டம்.

பேசாமல் இருங்கள். கிசுகிசுக்கவும் வேண்டாம், கிசுகிசுப்பு பலருக்கு நாண்களை இன்னும் இறுக்கும். பேசியே தீர வேண்டுமென்றால் மெல்லிய, சாதாரணக் குரலில் இரண்டொரு வார்த்தை. ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு, மெல்ல “ஊ” என்று குரல் கொடுத்தபடி குமிழி விடுவது நாண்களை இலகுவாக்கும் நல்ல பயிற்சி. வலித்தால் நிறுத்திவிடுங்கள். அறிக்கையைத் துணைச் செயலாளர் வாசிக்கட்டும், நீங்கள் முடிவுகளை மட்டும் சொல்லுங்கள். அடுத்த வருஷம் அரோகராவுக்கு முறை போட்டு நாலு பேர் மாற்றி மாற்றிக் குரல் கொடுக்கலாமே.

குரல் கம்மல் எப்போது மருத்துவரிடம் போக வேண்டிய விஷயமாகிறது?

சளி, கத்தல் போன்ற காரணத்தால் வந்த கம்மல் பொதுவாக ஒன்றிரண்டு வாரத்தில் தெளியும். மூன்று வாரத்தைத் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒரு சின்னக் கேமராவால் நாண்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும். புகைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விழுங்கச் சிரமம், இருமினால் ரத்தம், கழுத்தில் கட்டி, மூச்சு விடும்போது இரைச்சல் இதில் எதுவானாலும் மூன்று வாரம் காத்திருக்கக் கூடாது. காலையில் மட்டும் குரல் கரகரப்பாக இருந்து, நெஞ்செரிச்சலும் இருந்தால் இரைப்பை அமிலம் மேலேறுகிறதா என்று கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடைவெளி விட்டாலே சிலருக்குக் குறையும்.

அறுபதைத் தாண்டிய ஆண்களுக்குக் குரல் மெலிந்து சுருதி கொஞ்சம் ஏறுவதும், பெண்களுக்குச் சுருதி இறங்குவதும் வயதோடு வருவது. நோய் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு பேச்சுச் சிகிச்சையாளரிடம் போகலாம். தென்னாப்பிரிக்க சுகாதாரத் தொழிலர் மன்றத்தில் பதிவு செய்தவரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது உங்கள் கூட்டப் பதிவு ஒன்றைப் போனில் எடுத்துப் போங்கள். சிகிச்சை அறையில் எல்லோருமே நன்றாகத்தான் பேசுவார்கள்.